வெயிலும் மேனி நிறமும்

(சங்கரன்கோவிலில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதக் கூட்டம் முடிந்து எழுந்தபோது நம் செயலாளர் அவர்கள் எம்மை அணுகி, "அடுத்த மாதம் புலவர் ஐயா பேசவேண்டும், ஆனால் இலக்கணம் வேண்டா" என்று அன்போடு எச்சரித்தார்கள். சுற்றி நின்றோர் நகைத்தனர், யாமும் நகைத்தோம். இலக்கணத்தை நீக்கிவிட்டால் எம்மிடம் எஞ்சுவது யாது என்று வீடு செல்லும் வழியெல்லாம் எண்ணிச் சென்றோம். அவ்வாரத்திலேயே நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் பொருளைத் தாமே கொணர்ந்து எம் கையில் வைத்தன.

ஒன்று இது. நம் சங்கத்தின் திருமணப் பதிவேட்டை ஞாயிறுதோறும் எழுதி வருபவர் யாம் என்பதைப் பலரும் அறிவீர்கள். பெயர், பிறந்த நாள், நட்சத்திரம், படிப்பு, வருவாய், உயரம் என்று வரும் கட்டங்களுள் 'நிறம்' என்று ஒரு கட்டமும் உண்டு. தம் மகளைப் பதிய வந்த ஒரு தந்தையார் அக்கட்டம் வந்ததும் சற்றே தயங்கி, "சிவப்பு என்றே எழுதுங்கள் ஐயா. கல்லூரிக்குப் பேருந்தில் போய் வந்து வெயிலில் கறுத்துவிட்டாள். ஓராண்டு வீட்டில் வைத்திருந்தால் பழைய நிறம் வந்துவிடும்" என்றார். மகள் அருகிலேயே நின்றாள். முதுகலைப் பட்டத்தில் முதல் வகுப்பு என்று அப்போதுதான் எழுதி முடித்திருந்தோம். அப்பெண் எம்மைப் பார்க்கவில்லை, தந்தையையும் பார்க்கவில்லை, சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்றொன்றைப் பின்னர்ச் சொல்லுவோம்.

வெயிலையும் நிறத்தையும் பற்றிப் பேசுவதற்கு நம் ஊரைக் காட்டிலும் ஏற்ற இடம் யாதுளது? இவ்வூர்க் கோயிலில் எழுந்தருளியுள்ள பெருமான் ஒரே திருமேனியில் வலப்பால் சங்கரனும் இடப்பால் நாராயணனுமாக நிற்கின்றான். பவளம்போற் சிவந்து வெண்ணீறு பூசிய பாதி ஒன்று. கார்முகில் போன்ற பாதி ஒன்று. இவ்வடிவைக் காணவேண்டியே கோமதியம்மை தவமிருந்தாள் என்பது தலவரலாறு. ஆடித் தபசு அதனையே கொண்டாடுகின்றது. அத்தவத்தின் பயனாய்த் தோன்றிய திருமேனியில் எப்பாதி அழகிது என்று எவரும் வினவியதாக யாம் கேட்டதில்லை. தபசுக் காட்சியைக் கண்டு கண்ணீர் மல்கி வீடு திரும்பும் நாமே, மறுநாட் காலையில் மருமகளின் முகத்தைப் பார்த்து "கறுத்துப் போனாயே" என்கின்றோம்.

இலக்கணம் வேண்டா என்றீர்கள். சொல்லாராய்ச்சி ஒன்றனை மட்டும் பொறுத்தருள்க. 'மாநிறம்' என்று நாம் சற்றே குரலைத் தாழ்த்திச் சொல்லுகின்றோமல்லவா, அதிலுள்ள 'மா' என்பது கருமை குறித்த பழஞ்சொல். சங்கச் செய்யுட்களில் தலைவியின் அழகைக் குறிக்கும் 'மாமை' என்பதும் அதன்வழிப் பிறந்ததே. மாந்தளிரின் நிறம் என்று உரையாசிரியர் விளக்குவர். தலைவன் பிரிந்தால் அம்மாமை குன்றித் தலைவியின் மேனி வெளிறும். அவ்வெளிறலுக்குப் பசலை என்று பெயரிட்டு அதனை ஒரு நோயாகவே பாடினார்கள். திருவள்ளுவர் அந்நோய்க்கென 'பசப்புறு பருவரல்' என்னும் 119-ஆம் அதிகாரத்தையே வகுத்தார். தன் மாமையழகு தனக்கும் பயன்படாது, தலைவனுக்கும் பயன்படாது, பசலைக்கு உணவாகின்றதே என்று தலைவி வருந்துவதாக வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகைச் செய்யுளைப் பள்ளியில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கின்றோம். அதனைக் கேட்டு மதிப்பெண் பெற்ற மாணவியர் பின்னர்க் கடைக்குச் சென்று, மாமையை நீக்கிப் பசலையை வரவழைக்கும் களிம்பினை விலை கொடுத்து வாங்குகின்றனர். பொன்மேனி என்று புகழ்ந்த புலவரும் உளர், அதனை மறைக்கமாட்டோம். ஆயினும் கருமை இழிவு என்னும் எண்ணம் நம் முன்னோர் பாட்டில் யாம் தேடியவரையில் அகப்படவில்லை.

இனி வெயிலுக்கு வருவோம். வெயிலில் நம்மைச் சுடுவது வேறு, கறுக்கச் செய்வது வேறு. இவ்வேறுபாடு அறியாமையாற் பல தவறுகள் நேர்கின்றன. கதிரவன் ஒளியில் ஊதா நிறத்துக்கும் அப்பால் கண்ணுக்குத் தோன்றாத கதிர்கள் உள. அவற்றைப் புறவூதாக் கதிர்கள் என்பர். 1801-ஆம் ஆண்டில் ரிட்டர் என்னும் ஜெர்மானியர் அவற்றைக் கண்டார். வெள்ளிக் குளோரைடு என்னும் உப்பு, ஊதா ஒளி விழும் இடத்தைவிட அதற்கு அப்பால் ஒளியே காணாத இடத்தில் விரைந்து கறுத்தது. கறுக்கச் செய்தலே அக்கதிர் உலகுக்குத் தன்னை அறிவித்த முறை!

அக்கதிர்கள் தோலிற் புகும்போது, தோலிலுள்ள சில உயிரணுக்கள் மெலனின் என்னும் கருநிறப் பொருளை மிகுதியாக ஆக்கி அண்டை அணுக்களுக்கு ஈகின்றன. அப்பொருள் ஒவ்வோர் அணுவினுள்ளும் அதன் கருவின் மேற்புறத்தே குடைபோலக் கவிந்து, கதிர் உட்புகுந்து கேடு செய்யாவாறு தடுக்கின்றது. நாம் 'கறுத்துப் போயிற்று' என்று வருந்துவது உடல் தன் குடையை விரித்ததனையே. மெலனின் ஆக்கும் அணுக்களின் எண்ணிக்கை வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் ஏறத்தாழ ஒன்றே. அவை ஆக்கும் அளவும் வகையுமே வேறு. நிலநடுக்கோட்டை அடுத்து வாழ்ந்த மக்கள் கருநிறமும் வடக்கே சென்றோர் வெண்ணிறமும் பெற்றது, அவ்வந் நிலத்துப் புறவூதாக் கதிரின் அளவுக்கேற்ப என்று ஜப்லான்ஸ்கி, சாப்ளின் என்னும் அறிஞர் இருவர் 2000-ஆம் ஆண்டில் விரிவாக எழுதினர். மேல் தோல் ஏறத்தாழ ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதத்திற்குள் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். ஆகலின் வெயிலால் வந்த கருமை, வெயில் குறைந்தால் சில வாரங்களில் தானே மங்கும். பிறவி நிறம் எதனாலும் மாறாது. இவ்விரண்டு செய்தியும் அறிந்தோர்க்குக் களிம்புச் செலவு பெரிதும் குறையும்.

நம் ஊர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஒன்பது பாகைக்குச் சற்று மிகுதியான தொலைவில் உள்ளது. ஆகவே ஆண்டில் இருமுறை கதிரவன் நம் தலைக்கு நேர்மேலே நிற்பான். முதலாவது ஏறத்தாழச் சித்திரை முதல் நாள். இரண்டாவது ஆவணித் திங்களின் நடுவை ஒட்டி. சித்திரைப் பிறப்பன்று நண்பகல் 12 மணி 20 நிமிட அளவில் வாசலில் ஒரு கோலை நிமிர்த்து நட்டுப் பாருங்கள். நிழல் கோலின் அடியிலேயே ஒடுங்கிவிடும். இந்நிழலே நமக்கு நல்ல கருவி. உங்கள் நிழல் உங்கள் உயரத்தினும் குறுகியிருக்கும் நேரம் புறவூதாக் கதிர் வலிமையுடைய நேரம். நிழல் நீண்டிருக்கும் காலையும் மாலையும் அது மெலியும். கடிகாரம் இல்லாதவர்க்கும், அலைபேசியை நோக்க நேரமில்லாதவர்க்கும் இதுபோதும்.

குளிர்ச்சியாக இருந்தால் கறுக்காது என்பது தவறு. கொடைக்கானலுக்குச் சென்று வந்த பிள்ளைகள் இங்கே சித்திரை வெயிலில் திரிந்தவர்களைவிட மிகுதியாய்க் கறுத்து வருவதைக் கண்டு வியக்கின்றீர்கள். உயரம் ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புறவூதாக் கதிர் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை கூடும். கொடைக்கானலோ இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உள்ளது. குளிர் காரணமாக வெயிலை விரும்பி நிற்கின்றோம் வேறு. மெல்லிய முகிலும் அக்கதிரைப் பெரிதும் தடுப்பதில்லை.

நம் நாட்டில் வெயிலுக்குப் பேரச்சம் கொண்டு வாழ்ந்த வெண்ணிறத்தார் ஒரு கூட்டத்தார் இருந்தனர், ஆங்கிலேயரைச் சொல்லுகின்றோம். அவர்கள் அணிந்த தடித்த தொப்பியைச் சூரியன் காரணமாகவே 'சோலார் தொப்பி' என்கிறார்கள் என்று பலர் எண்ணியிருப்பீர்கள். அஃதன்று. 'சோலா' என்பது ஒரு நீர்ச்செடியின் வடநாட்டுப் பெயர். நாம் நெட்டி என்போமே, தஞ்சையில் கோபுரமும் மாலையும் செய்வார்களே, அதுதான். நெட்டியின் உட்சோற்றால் செய்த தொப்பி ஆகலின் சோலாத் தொப்பி. ஆங்கிலேயர் காதில் அது 'சோலார்' என விழுந்து, அவ்வாறே நிலைத்தது. தலைக்குத் தொப்பி போதாதென்று, கதிர் முதுகெலும்பைத் தாக்குமெனக் கருதி முதுகில் ஒரு திண்டும் கட்டிக்கொண்டனர். வெப்பநாட்டு ஒளி வெள்ளையரை அழித்துவிடும் என்று உட்ரஃப் என்னும் அமெரிக்கப் படை மருத்துவர் 1905-இல் ஒரு நூலே எழுதினார். அதனை நம்பிப் பிலிப்பைன்ஸ் தீவுகளில் இருந்த அமெரிக்க வீரர்க்குச் செம்மஞ்சள் நிற உள்ளாடை அணிவித்துப் பார்த்தனர். பயன் ஒன்றுமில்லை, வெப்பம் மிகுந்ததே கண்ட பலன் என்று 1910-இல் வெளியான அறிக்கை கூறிற்று. இரண்டாம் உலகப் போர்க்குப் பின் தொப்பியும் திண்டும் பெட்டிக்குள் போயின. ஆங்கிலேயர் குற்றாலத்தில் பங்களாக்கள் கட்டியதும் வெயிலுக்கு அஞ்சியே. அதனால் நமக்கு நேர்ந்த நன்மை, பழைய பங்களா என்று சுட்டிக் காட்டுதற்குச் சில கட்டடம்.

பின்னர் அவர்களே மறுகோடிக்குச் சென்றனர். முன்னாளில் வெயிலில் உழைப்போர் கறுத்திருந்தமையால் வெண்மை செல்வத்தின் அடையாளமாயிருந்தது. ஆலைகளும் அலுவலகங்களும் பெருகி உழைப்போர் கூரையின் கீழ் அடைபட்டபின், கடற்கரையிற் கிடந்து கறுத்து வருதல் செல்வத்தின் அடையாளமாயிற்று. விளக்கொளியில் உடலைக் கறுக்கச் செய்யும் கட்டில்களையும் ஆக்கினர். அக்கட்டில்கள் புற்றுநோய் விளைப்பன என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2009-இல் முதல் வகுப்பிற் சேர்த்தது. அவ்வாண்டே பிரேசில் அவற்றைத் தடை செய்தது. ஆஸ்திரேலியாவிற் குடியேறிய வெள்ளையரிடையே தோற்புற்று மிகுந்தமையால், சட்டை அணிக, களிம்பு பூசுக, தொப்பி வைக்க என்று 1981 முதல் சிறுவர்க்குப் பாட்டாகவே புகட்டி வருகின்றனர். அங்கே வெண்மை கருமையாக விழைகின்றது. இங்கே கருமை வெண்மையாக விழைகின்றது. இரண்டிடத்தும் கடைக்காரர் மட்டும் மாறவில்லை.

நம் நாட்டில் நிறத்தை விற்கும் வணிகம் புதிதன்று. 1975-இல் விற்பனைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் களிம்பு, உலகெங்கும் நிறவேற்றுமைக்கு எதிராகக் குரல் எழுந்த 2020-இல் 'குளோ அண்ட் லவ்லி' எனப் பெயர் மாற்றிக்கொண்டது. பெயருடைய களிம்புகளை விடவும் பெயரற்ற களிம்புகளே எமக்கு அச்சம் தருவன. கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் கோட்டக்கல் ஊர் மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேர்க்கு அரிதான ஒரு வகை காணப்பட்டது. அப்பதினைவருள் 13 பேர் முகத்தை வெளுக்கச் செய்யும் களிம்பு பூசியவர்கள். காரணம் பாதரசம். அது மெலனின் ஆக்கத்தைத் தடுக்கும். உடனே முகம் வெளுக்கும். தோல்வழியே உட்சென்று சிறுநீரகத்தில் தங்கும். நம் நாட்டு விதி அழகுப் பொருள்களிற் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேற் பாதரசம் இருத்தலாகாது என்கின்றது. உட்பொருளும் செய்தவர் முகவரியும் இல்லாத டப்பாவிற்கு விதி யாது?

எம் தெருவிலேயே ஒரு பெண். திருமணம் பேசி வந்தவர்கள் "முகம் கொஞ்சம் கறுப்பு" என்று சொல்லிச் சென்றார்களாம். தோழி ஒருத்தி தந்த களிம்பை இரவுதோறும் பூசினாள். பதினைந்து நாளில் முகம் பளபளவென்றாயிற்று. தாய் அகமகிழ்ந்து எம் மனைவியிடம் வந்து காட்டிச் சென்றார். நான்காம் மாதம் கன்னத்தில் செந்நிற நரம்புகள் தோன்றின, பருக்கள் எழுந்தன, மேலுதட்டில் மயிர் அரும்பிற்று. பூசுவதை நிறுத்தினால் முகம் எரியும். பூசினால் மேலும் மெலியும். அக்களிம்பில் இருந்தது ஸ்டீராய்டு என்று தோல் மருத்துவர் கூறினார். அவ்வகைக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாது என்று 2018-இல் அரசு விதித்துள்ளது. விதி இருந்தும் அது கைக்கு எட்டிற்று. வெயிலால் வந்த கருமையைப் போக்கப் பூசிய அப்பெண் இன்று காலை எட்டு மணி வெயிலிலும் முகத்தை மூடாமல் வாசலுக்கு வர இயலாதிருக்கின்றாள். மருத்துவத்தால் சிறிது சிறிதாகத் தேறி வருகின்றாள் என்பது ஆறுதல். பெண்பார்க்க வந்தவர்களும் நம் சங்கத்தாரே. அவர்கள் பெயரைச் சொல்லப் போவதில்லை.

களிம்பு வேண்டா, வீட்டு மருந்து போதும் என்பாரும் உளர். கடலைமாவும் பயற்றமாவும் அழுக்கை நீக்கும், தீங்கில்லை. எலுமிச்சைச் சாற்றை மட்டும் முகத்திற் பூசற்க. எலுமிச்சைக்குப் பேர்பெற்ற புளியங்குடி நமக்கு அண்மையில் உள்ளமையால் இதனை அழுத்திச் சொல்லுகின்றோம். அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள ஒரு பொருள் வெயில் பட்டவுடன் தோலைப் புண்ணாக்கும். புண் ஆறிய இடம் மாதக்கணக்காய்க் கருந்தழும்பாய் நிற்கும். நிறம் வேண்டிப் பூசியவர் கருமையே பெறுவர். அவ்வினத்துப் பொருளே கார்போகரிசியிலும் உளது. வெண்புள்ளி உடையார்க்கு அதனைப் பூசி வெயிலிற் காட்டும் முறையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். மருத்துவர் துணையின்றி அதனைச் செய்தல் கூடாது, தோல் வெந்துவிடும். கோயிற் புற்றுமண்ணைப் பற்றியும் கேட்பீர்கள். பக்தியோடு நெற்றியில் இடுவதற்கு யாம் எதிரி அல்லோம், நாமும் இடுவோரே. திறந்த புண்ணில் அப்புதல் மட்டும் வேண்டா. பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தார், அந்நாட்டு மகளிர் தனக்கா மரப்பட்டையைக் கல்லில் இழைத்துக் கன்னத்திற் பூசி வெயிலிற் செல்வதைச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் பூச்சு ஊரறியத் தெரியும். நாம்தான் பூச்சு தெரியாமல் நிறம் மட்டும் தெரியவேண்டும் என்கின்றோம்.

இனி வெயில் தடுக்கும் வகை. நம் கழனியில் மிளகாய்ப்பழம் எடுக்கும் பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேலே கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. எவரும் கற்பியாமல் அவர்கள் கண்ட முறை, மருத்துவர் இன்று கூறும் முறையே. துணியின் நெசவு நெருக்கமாயிருத்தல் முதன்மை. மெல்லிய வெள்ளைத் துணி கதிரைப் பெரிதும் உள்ளே விடும். நனைந்தால் மேலும் விடும். அடர்நிறத் துணி மிகுதியாய்த் தடுக்கும். நெருங்க நெய்த நம் ஊர்த் துண்டு ஒன்று தலையையும் கழுத்தையும் காப்பதுபோல் விலையுயர்ந்த களிம்பு காவாது. கறுப்புக் குடை கதிரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தடுக்கும். எனினும் தரையிலிருந்து தெறித்து வருவதனைக் குடை தடுக்காது. இன்று இளைஞர் குடை பிடிக்க நாணுகின்றனர். நாற்பது ஆண்டுக்கு முன் குடையின்றி வெளியே செல்லவே பெரியோர் நாணினர்.

களிம்பு பூசவேண்டிய தேவை உடையோர், டப்பாவில் எஸ்.பி.எஃப். என்னும் எண்ணைக் காண்க. முப்பது என்றிருந்தால், நெறிப்படி பூசிய தோலில் சிவக்கச் செய்யும் கதிரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு தடுக்கப்படும் என்பது பொருள். 'நெறிப்படி' என்பதில்தான் எல்லாம் உளது. முகத்துக்கும் கழுத்துக்கும் இருவிரல் நீளம் வேண்டும். நாம் பூசுவதோ பொட்டளவு. இரண்டு மணிக்கு ஒருமுறை மீண்டும் பூசவேண்டும். அவற்றுள் சிலவற்றின் சரக்கு துத்தநாகத்தின் ஆக்சைடே. சித்த மருத்துவர் நாகபற்பம் என்று கையாளும் இனத்தைச் சேர்ந்தது. கருந்தோல் தானே பதின்மூன்று என்னும் அளவிற் காப்புடையது என்றும், வெண்தோலின் காப்பு மூன்று அளவே என்றும் அளந்து கண்டிருக்கின்றனர். ஆகவே நம்மவருட் பெரும்பாலோர்க்குத் துண்டும் குடையும் நிழலும் போதும். வெயிலை முற்றும் விலக்கி அறைக்குள் அடைந்து கிடந்தால் எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி குன்றும். இத்துணை வெயில் அடிக்கும் நாட்டில் அக்குறை மலிந்திருத்தல் வியப்பு. மகளை ஓராண்டு வீட்டில் வைத்திருக்கக் கருதிய தந்தையார்க்கு இதனைச் சொல்லியனுப்பினோம்.

நம்முள் வெயிலுக்கு மெய்யாகவே அஞ்சவேண்டியவர் உளர். இரண்டாவது நிகழ்ச்சி அதுவே.

எம் வகுப்பில் நம் சமூகத்துச் சிறுவன் ஒருவன் ஏழாம் வகுப்பில் வந்து சேர்ந்தான். முடி வெண்பொன் நிறம், மேனி வெளேரென்று, இமைமயிரும் வெண்மை. பிறவியிலேயே மெலனின் ஆக்கும் ஆற்றல் குன்றியவன். பிள்ளைகள் அவனுக்கு 'துரை' என்று பெயரிட்டிருந்தனர். எழுத்து நன்று, ஆனால் நூலை மூக்கில் முட்டுமாறு பிடித்துப் படிப்பான், பலகையில் எழுதுவதைப் பார்த்து எழுதமாட்டான், கண்கள் இருபுறமும் அசைந்துகொண்டேயிருக்கும். கவனமில்லாதவன் என்று யாம் கடிந்துகொண்டோம். காலை வழிபாட்டில் வரிசையை விட்டு வேப்பமரத்து நிழலுக்கு நழுவுவான். ஒருநாள், "துரைக்கு வெயில் ஆகாதோ?" என்று யாமே சொன்னோம். வகுப்பு முழுதும் சிரித்தது. அவனும் சிரித்தான். விழா ஒத்திகை நடந்த அவ்வாரத்தில் அவன் நிழலுக்கு நழுவவில்லை. ஒரு மணி நேரத்திற்கு மேல் வரிசையிலேயே நின்றான். மறுநாளும் அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவன் தாய் அழைத்து வந்தார். பின்கழுத்திலும் காதுகளிலும் நீர்கோத்த கொப்புளங்கள். "ஐயா, குற்றம் சொல்ல வரவில்லை. இவன் நிழலில் நிற்க நீங்கள் ஒருவார்த்தை சொன்னால் போதும்" என்றார் அத்தாய்.

இருபது ஆண்டு ஆசிரியராய் இருந்த யாம் அன்று ஒரு சொல்லும் பேச இயலாது நின்றோம்.

பின்னர்தான் படித்தும் மருத்துவரைக் கேட்டும் அறிந்தோம். இத்தகையோர்க்கு மெலனின் இல்லாமையால் வெயில் நேரே தோலை வேகச் செய்யும். காவாது விட்டால் இளமையிலேயே தோற்புற்று வரலாம். கண்ணின் வளர்ச்சிக்கும் மெலனின் வேண்டுமாதலின் பார்வையும் குறையும், வெளிச்சம் கூசும். சோம்பலுமன்று, கவனக்குறைவுமன்று. தொற்றுமன்று, தாய் கிரகணத்தில் வெளியே வந்த குற்றமுமன்று. தந்தை தாய் இருவரும் அக்குறையை வெளியே தோன்றாமற் சுமந்திருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. உறவுக்குள் மணஞ்செய்தால் இருவரும் ஒரே குறையைச் சுமந்திருத்தற்கு இடம் மிகுதி. அத்தை மகளை மணந்த யாம் இதனைச் சொல்லத் தகுதியுடையோமா என்று நீங்கள் நகைக்கலாம். தகுதி இல்லாவிடினும் செய்தி மெய்யே. 2015 முதல் ஜூன் 13-ஆம் நாளை ஐக்கிய நாடுகள் அவை இவர்களுக்கென ஒதுக்கியிருப்பதும் அப்போதுதான் எமக்குத் தெரிந்தது.

இப்போது அச்சிறுவன் முதல் வரிசையில், சாளரத்திற்கு முதுகு காட்டி அமர்கின்றான். முழுக்கைச் சட்டை, அகன்ற விளிம்புத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி ஆகியவற்றுக்குத் தலைமையாசிரியர் இசைவு தந்தார். வழிபாட்டின்போது வேப்பமரத்தடியிலேயே ஒரு வரிசை நிற்கின்றது. அவன் தனித்து நிற்கலாகாதென்று வகுப்பையே அங்கு மாற்றிவிட்டோம். பெரிய எழுத்தில் வினாத்தாள் எழுதித் தருகின்றோம். பார்வைக் குறையின் அளவைக் கண் மருத்துவர் அளந்து சான்று தந்தால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அடையாள அட்டையும் தேர்வில் மிகுநேரமும் பெறலாம். அதற்குரிய தாள்களை நிரப்பியாயிற்று. வெயில் தடுக்கும் களிம்புதான் குடும்பத்துக்குப் பெருஞ்செலவு. தந்தையார் விசைத்தறியில் கூலி வேலை செய்பவர். அழகுக்காகப் பூசுவோர் வாங்கும் அதே பொருளை உயிர்க்காப்புக்காகப் பூசவேண்டியவன் வாங்க இயலாதிருக்கின்றான். நம் சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து மாதந்தோறும் அதற்கொரு தொகை ஒதுக்குமாறு செயலாளர் அவர்களிடம் எழுத்தில் வேண்டுகோள் கொடுத்துள்ளோம். சுற்றுவட்டச் சிற்றூர்களில் இத்தகைய பிள்ளைகள் நம் குடும்பங்களில் வேறு எவரேனும் இருப்பின், வெட்கத்தால் வீட்டில் மறைத்து வைக்காது தெரிவியுங்கள்.

ஒன்றனை எண்ணிப் பார்த்தோம். சிவந்த மேனி வேண்டுமென்று பதிவேட்டில் எழுதுவிக்கும் நாம், நம் குலத்தில் எல்லாரினும் வெளுத்துப் பிறந்த அப்பிள்ளைக்கு நாளைப் பெண் கொடுப்போமா? கொடுக்கமாட்டோம். ஆகவே நாம் தேடுவது வெண்மையுமன்று. எதனைத் தேடுகின்றோம் என்பதை இங்கு அமர்ந்திருக்கும் பெரியோர்கள்தாம் எமக்கு விளக்கவேண்டும்.

திருமணப் பதிவேடு வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வழக்கம்போல் சங்கக் கட்டடத்தில் திறக்கப்படும். முதுகலை முதல் வகுப்புப் பெற்ற அப்பெண்ணின் தாளில் நிறம் என்னும் கட்டத்தை வெறுமையாகவே விட்டிருக்கின்றோம். தந்தையார் படித்துப் பார்த்து ஒன்றும் சொல்லாமற் கையொப்பமிட்டார். இனிமேல் அக்கட்டத்தில் யாம் எழுதுவதாயில்லை. அக்கட்டத்தையே நீக்குதல் வேண்டுமென்று தீர்மானம் ஒன்றும் தலைவர் முன் வைத்திருக்கின்றோம். அது நிறைவேறும் வரையில், எழுதியே ஆகவேண்டும் என்போர் வந்து தம் கையாலேயே எழுதிக்கொள்ளலாம். பேனா மேசைமேல் இருக்கும்.